வாயால் இறங்கும் படகு

மூழ்குகிற கப்பலிலிருந்து இறங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. பாதி வேலையைக் கப்பலே பார்த்துக்கொள்ளும். மூழ்காத கப்பலிலிருந்து இறங்குவதுதான் பெரும்பாடு. பட்டவன் சொல்கிறேன்.

நான் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஒப்பந்தம் முடிந்திருந்தது. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கரை கண்ணுக்கெதிரே தெரிந்தது. அந்தக் கரையில்தான் என் வீடு. வீட்டில் நிறைமாதமாக என் மனைவி. கல்யாணமாகி, ஊரெல்லாம் விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பிறகு உண்டான பிள்ளை. "அந்த நேரத்துல நீங்க பக்கத்துல இருக்கணுங்க, எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தாள். உண்மையிலேயே அவள் என்னிடம் வேறெதையும் இப்படிக் கேட்டதில்லை.

எனக்குப் பதில் ஆள் அடுத்த துறைமுகத்தில் ஏறுவான் என்றும், அதுவரை போசன் அண்ணன் அடுப்படியைச் சமாளிப்பார் என்றும் ஏற்பாடு. போசன் என்றால் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். பெட்டியைக் கட்டிக்கொண்டு, கரையிலிருந்து வரும் படகுக்காக ஏணியருகே நின்றேன். படகு வந்தது. நான் இறங்குவதற்குள் அதிலிருந்து ஒருவர் ஏறி வந்தார். வெள்ளை உடுப்பு, தலையில் கவசம், கழுத்தில் விசில். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதற்கென்றே கம்பெனி ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அதற்குப் பாதுகாப்புப் பிரிவு என்று பெயர். இவர் அதன் அதிகாரி.

"பெட்டியோட எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு சார். ஒப்பந்தம் முடிஞ்சுடுச்சு. வீட்டுல மாசமா இருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம். ஆனா இந்தக் கப்பல் கைவிடுதல் பயிற்சியில மார்க் கம்மி. கப்பலை விட்டு வெளியேறுற பயிற்சி முடியறவரைக்கும் யாரும் கப்பலை விட்டு வெளியேறக் கூடாது."

நான் திருதிருவென்று விழித்தேன். அவர் சொன்னதை அவரே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதுபோல் தலையை ஆட்டினார். அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கரைப்படகு காலியாகத் திரும்பிப் போயிற்று. சாயங்காலம் மறுபடி வருமாம்.

அரைமணிக்குள் கப்பலில் எல்லாரும் அவருக்கு 'விசில்' என்று பெயர் வைத்துவிட்டோம். சாப்பாட்டு அறையில் எங்களை உட்காரவைத்து விசில் பேசினார். கவசத்தைக் கழற்றவில்லை.

"விபத்துன்னா என்ன? முன்கூட்டியே சொல்லாம வர்றது. அது ஒண்ணுதான் விபத்துல இருக்கற குறை. அந்தக் குறையைத்தான் நம்ம பிரிவு நிவர்த்தி பண்ணுது. போன வருஷம் நம்ம கம்பெனிக் கப்பல் ஒண்ணு முழுகிப் போச்சு. வருத்தம்தான். ஆனா பயிற்சியில நூத்துக்கு நூறு வாங்கின கப்பல் அது. லைஃப் ஜாக்கெட் பட்டையை ஒருத்தர்கூடத் தப்பாக் கட்டியிருக்கல. எடுத்தப்ப நாங்களே பாத்தோம்."

கேப்டன் மட்டும் கை தட்டினார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் கப்பலின் உயிர்காப்புப் படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டில் உயரத்தில் தொங்கும். ஆரஞ்சு நிறம். பார்க்கிறவர் கண் கூசும், அப்படிப் பளபளப்பு. சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் போதும், அதற்கு ஒரு பூச்சு விழும். படகு, படகைத் தாங்கும் கம்பி, கம்பி ஓடும் உருளை, உருளையில் மாட்டிய கொக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அதைத் தண்ணீரில் இறக்கி யாரும் பார்த்ததில்லை. இறக்கினால் எங்காவது இடிக்கும். இடித்தால் அது விபத்து. விபத்து நடந்தால் ஏணியருகே மாட்டியிருக்கும் 'விபத்தில்லாத நாட்கள்' பலகையைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். அந்தப் பலகையின் எண்ணைக் கம்பெனித் தலைவரே மாதாமாதம் விசாரிக்கிறாராம்.

ஆகவே எங்கள் கப்பலில் படகை வாயால்தான் இறக்குவோம். எனக்கு முந்தி இருந்தவர்கள் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். போசன் அண்ணன் படகருகே நின்று கொக்கியைத் தொடாமல் சத்தமாகச் சொல்வார். "கொக்கி கழண்டுடுச்சு. இறங்குது. இறங்குது. தண்ணியத் தொட்டாச்சு. மெதக்குது." உடனே எல்லாரும் சாப்பாட்டு அறைக்குப் போய், வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்து, கடலில் மிதப்போம். துடுப்புக்குத் துடைப்பம்.

விசில் இதைக் கண்டு கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம்தான் பட்டார்.

"போசன், படகு இவ்வளவு வேகமா இறங்கினா உள்ள இருக்கறவன் கதி என்ன ஆகறது? 'இறங்குது'ங்கறதை இழுத்துச் சொல்லுங்க. அலை பெருசா இருந்தா குரல்லயும் அது தெரியணும்."

முதல் பயிற்சி தோல்வி. இரண்டாவதில் போசன் அண்ணன் ராகம் போட்டுப் படகை இறக்கினார். ஆனால் நாற்காலியில் மிதந்துகொண்டிருந்தபோது இஞ்சின் ரூம் ஆள் ஒருவன் சிரித்துவிட்டான். "நடுக்கடல்ல மெதக்கறவன் சிரிப்பானா?" என்று கேட்டு விசில் மார்க்கைக் குறைத்தார். அதுவும் தோல்வி.

நான் கேப்டனிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், கெட்டது செய்யத் தைரியம் போதாது, நல்லது செய்யவும் அப்படியே.

"சார், வீட்டுல இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க. என்னை மட்டும் அனுப்பிடுங்க."

"எனக்குப் புரியுதுப்பா. ஆனா என் நிலைமையை யோசி. முழுகுற கப்பல்ல இருந்து கேப்டன் கடைசியாத்தான் போகணும்னு சட்டம் இருக்கு. முழுகாத கப்பல்ல இருந்து யாரு எப்பப் போகலாம்னு எங்கயும் எழுதல. எழுதாத விஷயத்துல நான் எப்படி முடிவெடுக்கறது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணாவது தடவை நல்லாப் பண்ணிடு. சாயங்காலப் படகுல போயிடலாம்" என்றார்.

நான் அடுப்படிக்குத் திரும்பினேன். விசிலுக்கு மதியச் சாப்பாட்டோடு உருளைக்கிழங்கு வறுவல் வேண்டுமாம். சட்டியில் எண்ணெய் ஊற்றிக் காயவைத்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய விசில் சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கக் கை நீட்டினேன். வாசலில் அவரே நின்றார்.

"கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டு வரணும்."

"அடுப்பை மட்டும் அணைச்சுட்டு வந்துடறேன் சார்."

"கப்பல் முழுகறப்போ அடுப்பை அணைக்க நேரம் இருக்குமா? பயிற்சிங்கறது உண்மை மாதிரி இருக்கணும்."

கொஞ்சம் முன்புவரை நாற்காலியில் உட்கார்ந்து கடலைக் கடந்த மனிதர் இதைச் சொன்னார். நான் என்ன செய்வேன், வந்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இந்தத் தடவை காயம்பட்டவர் ஒருத்தர் வேணும். உங்க முகத்துல சரியான வேதனை இருக்கு. நீங்கதான்."

மேல்தளத்தில் என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். கைகளை உள்ளே வைத்து, நெஞ்சிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பட்டை போட்டு இறுக்கினார்கள். "காயம்பட்டவர் பேசக் கூடாது. நினைவில்லாம இருக்கார்" என்று அறிவித்துவிட்டு, என்னைப் படி வழியாகக் கீழே கொண்டுபோகச் சொன்னார். படி பாதியில் திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. இழுத்தார்கள், சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள். தலை கீழே, கால் மேலே என்று நான் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஆப்புபோல் இறுகினேன்.

விசில் அளவுநாடா வைத்து அளந்தார். "ஸ்ட்ரெச்சர் சரியான அளவுதான். தலைமை அலுவலகம் ஒப்புதல் குடுத்தது. படிதான் தப்பு."

"கப்பலைக் கட்டும்போதே படி இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார் போசன் அண்ணன்.

"அப்ப கப்பலே தப்பு."

கப்பலே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்க, கேப்டன் அறையில் உடனே ஒரு கூட்டம் கூடியது. எல்லாரும் மேலே போனார்கள். காயம்பட்டவர் இருக்கும் நிலையை மாற்றக் கூடாது என்று உத்தரவு. நான் அப்படியே கிடந்தேன்.

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அடித்தது. அவளுக்கென்று தனி மணி வைத்திருக்கிறேன், அவள்தான். கையை உருவப் பார்த்தேன். பட்டை இன்னும் இறுகியது. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் சும்மா சும்மா கூப்பிடுகிறவள் இல்லை. நெஞ்சுக்கு மேலேயே அடிக்கிறது, ஒரு சாண் தூரம்கூட இல்லை, எடுக்க முடியவில்லை. என்னையறியாமல் வாய்விட்டு, "இரும்மா, இரும்மா" என்று போனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலேயிருந்து கேப்டன் தலை நீட்டினார். "அந்த மணியை மாத்துப்பா. அபாய மணின்னு நெனச்சுட்டோம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணி நின்ற பிறகு அந்த வாசனை வந்தது. சமையல்காரனுக்கு எண்ணெய் எப்போது காய்கிறது, எப்போது கருகுகிறது, எப்போது பற்றுகிறது என்று மூக்கே சொல்லும். கீழேயிருந்து புகை படியேறி வந்தது.

"தீ! அடுப்படியில தீ!"

விசில் மேற்படியில் வந்து நின்றார். "காயம்பட்டவர் பேசக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"சார், நிஜமாவே தீ. புகை வருது பாருங்க. அபாய மணி ஏன் அடிக்கல?"

"பயிற்சிக்குத் தொந்தரவா இருக்கும்னு அதைக் காலையிலயே அணைச்சு வெச்சாச்சு. இன்னிக்கு முழுகுற பயிற்சி. தீ வியாழக்கிழமைதான்."

"சார், என்னை அவுத்து விடுங்க சார்."

அதற்குள் புகை அவர் மூக்கை எட்டியது. அவர் முகம் முதல்முறையாக மனித முகமாயிற்று. "ஐயோ" என்றார். பிறகு மேல்நோக்கி ஓடினார்.

நான் கிடந்த இடத்தில் சுவரில் ஒரு வட்டச் சன்னல் இருந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் படகு தெரிந்தது. எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டோடு ஓடிவந்து படகில் ஏறுவதைப் பார்த்தேன். ஒரு பட்டைகூடத் தப்பில்லை. போசன் அண்ணன் கொக்கியை இழுத்தார். அசையவில்லை. சுத்தியலால் அடித்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது; அதனடியிலும் ஆரஞ்சு. இத்தனை வருஷப் பூச்சும் சேர்ந்து படகைக் கப்பலோடு ஒட்டிப் பிறந்த பிள்ளையாக்கியிருந்தது. அண்ணன் ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தார். பிறகு அவர் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இறங்குது, இறங்குது.

தொங்கிய இடத்திலேயே தொங்கிய படகில் அவர்கள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். ஒருவன் துடுப்புப் போட ஆரம்பித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. கேப்டன் கப்பலைப் பார்த்துக் கண்கலங்க வணக்கம் வைத்தார்.

நான் கிடந்த படிக்கு ஒருவரும் வரவில்லை. கத்திப் பார்த்தேன், இருமல்தான் வந்தது. கண்ணெல்லாம் எரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். செத்துப்போவதற்காக அழவில்லை. பிள்ளை பிறக்கிற நேரத்தில், பொய்க்காயம் பட்டு, கரை தெரிகிற தூரத்தில், இவர்கள் கட்டிய பட்டையில் சாவதா என்று ஆத்திரத்தில் அழுதேன்.

தீ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சட்டியில் இருந்த எண்ணெய் தீர்ந்தது, தீ அணைந்தது. அடுப்படி முழுக்க இரும்பும் எஃகும். அதற்குத் தின்ன வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கப்பலில் அன்று தன் வேலையைச் சரியாக முடித்துக்கொண்டது அது ஒன்றுதான்.

புகை அடங்கியதும் படகிலிருந்து விசில் இறங்கி வந்தார். இறங்கி என்ன, ஓரடி எடுத்து வைத்தார். கேப்டனும் போசன் அண்ணனும் பின்னால் வர, நான் கிடந்த படிக்கு வந்து நின்றார்.

"அற்புதம். முழுகற பயிற்சிக்குள்ளயே தீப் பயிற்சியும் வந்துடுச்சு. யாருக்கும் ஒரு கீறல் இல்ல."

"சார், எனக்கு மூச்சு விட முடியல. நெஞ்சு எரியுது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றேன். முகமெல்லாம் கரி. இருமினால் கறுப்பாக வந்தது.

கேப்டன் ஏணிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பலகை அங்கேதான் இருக்கிறது.

விசில் குனிந்து என்னைப் பார்த்தார். "நிஜமாவே காயம்பட்டிருக்கீங்களா, பயிற்சிக்காகக் காயம்பட்டிருக்கீங்களா?"

"நிஜமாவேதான் சார்."

"பயிற்சியில நிஜமா காயம்பட வழியே கிடையாது. காயம்படாம இருக்கத்தான் பயிற்சி. அப்ப இது நிஜக் காயமா இருக்க முடியாது."

"சரி சார், எனக்கு ஒண்ணுமே ஆகல. அப்ப அவுத்து விடுங்க, நானே வீட்டுக்குப் போயிடறேன்."

"காயம்பட்டவரை எப்படி நடந்து போக விடறது?"

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காயம் பட்டவன் என்பதால் போகக் கூடாது. காயம் படாதவன் என்பதால் அனுப்பக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் படித்திருப்பத்தில் நான் ஒருவனே குடியிருந்தேன்.

அப்போது விசிலுக்கு வேறு கவலை வந்தது. "இந்த ஸ்ட்ரெச்சர் விவகாரத்தை விட்டுடக் கூடாது. படிக்கும் இதுக்கும் ஏன் ஒத்துவரலன்னு அலுவலகத்துல விசாரிக்கணும். கோளாறான சாதனத்தை, இருந்தது இருந்தபடியே கரைக்கு அனுப்பணும். ஒரு பட்டையைக்கூடத் தளர்த்தக் கூடாது."

கேப்டன் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். போசன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"ஆமா சார். கையே வைக்கக் கூடாது. சாயங்காலப் படகுலயே அனுப்பிடலாம்."

"பட்டை இறுக்கம்கூட மாறக் கூடாது."

"மாறாது சார். உள்ள ஆள் இருக்கறதாலதான் இறுக்கமே."

விசில் யோசித்து ஒத்துக்கொண்டார். அன்று நானாக விரும்பி வாயை மூடிக்கொண்டது அப்போதுதான். கீழே போகாத ஸ்ட்ரெச்சர், வந்த வழியே மேலே இழுத்ததும் லேசாக வந்துவிட்டது. பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார் அண்ணன். "இது என்ன?" என்று விசில் கேட்க, "சம்பவத்தப்ப இதுவும் கப்பல்ல இருந்துச்சு சார்" என்றார். சரக்குத் தூக்கியில் மாட்டி என்னை இறக்கினார்கள். வாயால் இல்லாமல் நிஜமாகவே இறக்கினார்கள். மேலேயிருந்து அண்ணன் பழக்கதோஷத்தில் "இறங்குது, இறங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விசில் வியாழக்கிழமைத் தீக்காகக் கப்பலிலேயே தங்கிவிட்டார்.

கரைப்படகுக்காரர் எங்கள் கம்பெனி ஆள் இல்லை. என்னையும் பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருங்க இப்படிக் கட்டினது?"

"பாதுகாப்புப் பிரிவு."

"யாருக்குப் பாதுகாப்பு?" என்றபடி குனிந்து மூன்று கொக்கியையும் தட்டிவிட்டார். டக், டக், டக். அவ்வளவுதான் வேலை. நான் எழுந்து உட்கார்ந்து போனை எடுத்து அவள் நம்பருக்குப் போட்டேன். மச்சினி பேசினாள். "எங்க மாமா இருக்கீங்க? அக்காவை உள்ள கூட்டிட்டுப் போயாச்சு. உங்களுக்குத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தா."

கரையில் ஸ்ட்ரெச்சர் அலுவலகத்துக்குப் போனது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடி என்ன, நான் போவதற்குக் கொஞ்சம் முந்தியே மகள் பிறந்துவிட்டாள். நர்ஸ் என் முகத்துக் கரியைக் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார். மனைவி என்னைப் பார்த்து, "ரெண்டு தடவை கூப்பிட்டேன்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராகம் போட்டுப் படகு இறக்கிய இடத்தில் சிரித்தாள்; சிரித்தால் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, அவள் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போசன் அண்ணன் கூப்பிட்டார். கையில் பிள்ளை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னண்ணே, சாப்பாடு யாரு செய்யறா?"

"நான்தான். அதனால எல்லாரும் நிஜமாவே கப்பலைக் கைவிடணும்னு துடிக்கறாங்க. ஆனா பாரு தம்பி, நீ போனதே இங்க யாரு கணக்குலயும் இல்ல. நேத்துத் தீப் பயிற்சி முடிஞ்சுது. ஆள் கணக்கு சரியா வந்துடுச்சு."

"நான் இங்க இருக்கேனே, எப்படிண்ணே சரியா வரும்?"

"தலையை எண்ணினா நேரமாகுதாம். அதனால ஆபீஸ்ல புது முறை. 'எல்லாரும் இருக்கீங்களா?'ன்னு ஒரு குரல் கேப்பாங்க. இருக்கறவன் இருக்கேன்னுவான். இல்லாதவன் வந்து இல்லன்னா சொல்லப்போறான்? கணக்கு எப்பவும் சரியா இருக்கும். அன்னிக்குப் படகுல உட்கார்ந்ததும் அப்படித்தான் கேட்டாங்க. இருக்கோம்னு நானும் சத்தமாத்தான் சொன்னேன். நீ படியில கெடக்கறது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது தம்பி." பிறகு, "குழந்தை யாரு மாதிரி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அப்ப நீங்க அந்தப் படியிலயே போயிருந்தா, எனக்கு யாரு வந்து சொல்லியிருப்பா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கேப்டனை, விசிலை, அலுவலகத்தை, ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் வலியோடு கொஞ்சம் நகர்ந்து படுத்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.